மூன்றாவது கட்டத்தில் போட்ட குறி

கொலெட் அன்று மூன்று ப்லோய் சாப்பிட்டாள். நான்காவதில் வெண்ணெய் தடவி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"பையெல்லாம் எண்ணெய் ஆயிரும்டி" என்றார் அவள் அப்பா அட்ரியன்.

"ஆகட்டுமே. இது மாமா சட்டைதானே. போன வருசத்து எண்ணெயே இன்னும் போகல இதுல."

அடுப்படியில் நின்று வார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ப்லோய் எங்கள் பக்கத்துத் தோசை, ஆனால் திருப்பிப் போடுவதில்லை. மேல்பக்கம் கண் கண்ணாகத் திறந்து ஈரம் வற்றியதும் கல்லிலிருந்து எடுத்துவிட வேண்டும். அறுவடை விடுமுறையில் பள்ளி மூடியிருக்கும் மூன்று வாரமும் காலைச் சமையல் அவருடையது. அந்த மூன்று வாரமும் எங்கள் பள்ளத்தாக்கில் சில ஆசிரியர்களுக்கு மட்டும்தான் வேலை கிடையாது. மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், தபால்காரரின் மனைவி வரைக்கும் எல்லோரும் உருளைக்கிழங்கு வயலில் இருப்பார்கள். அவர் மனைவி அல்மா விடிவதற்கு முன்பே, கிழங்கைச் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்குப் போய்விட்டாள். அங்கே ஓடும் பட்டையின் ஓரத்தில் நின்று, வருகிற கிழங்கில் அழுகலும் கல்லும் பொறுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே பட்டை.

வெளியே பூந்தூறல். வண்டிச் சத்தம் கேட்டது. அல்மாவின் தம்பி ஒனில் கதவைத் திறந்து, சேற்றுக் காலோடு வாசல் மிதியடியிலேயே நின்றான்.

"என்ன மச்சான், கரண்டி புடிக்க நல்லாப் பழகிட்டீங்க."

"உங்க அக்கா பழக்கினது. இந்த மழையில கெழங்கு தோண்டுற எந்திரம் ஓடுமாடா?"

"எங்க ஓடும்? நேத்துத் தோண்டினது மூணு லாரியில அப்படியே வயல்ல நிக்குது. அதக் கிட்டங்கியில கொண்டு போய்க் கொட்டிட்டா இன்னைக்குப் பொழுது சரி. ஒரு லாரிய மருமவ எடுத்துட்டு வருவா."

"ரோடு பூரா சேறா இருக்குமே."

"அப்பா, இந்த ஊருல பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தது நீங்க. எனக்கும்தான். உங்க பாடத்து மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" கொலெட் கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "மேசை மேல காலேஜுக்குப் புதுக் கட்டுரை வச்சிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள பாத்து வைங்க. பொண்ணுன்னு பாக்காம, கறாரா பாருங்க."

"பாக்கறேன்."

"போன தடவ மாதிரி 'நல்லாருக்கு'ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிராதீங்க."

கதவு சாத்தியது. அவர் இரும்புக் கல்லைத் துணியால் துடைத்து அடுப்பின் மேலேயே வைத்தார். மணி ஆறே முக்கால்.

ஒன்பது நாற்பதுக்கு, மாதா கோயிலுக்குக் கீழே சாலை ஆற்றை ஒட்டித் திரும்புகிற இடத்தில், டிராக்டர் சக்கரங்கள் இழுத்துப் போட்ட சேற்றில் கொலெட்டின் லாரி வழுக்கிச் சாய்ந்தது. பாரம் அவள் பக்கமாகச் சரிந்தது. பின்னால் வந்த ஒனிலின் ஆட்கள் கண்ணெதிரே நடந்தது. கிழங்கை வாரி ஒதுக்கி அவளை வெளியே எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தொண்ணூற்றேழாம் வருடம், அக்டோபர் மூன்று. அவளுக்குப் பதினெட்டு வயது.

அன்று அவள் அந்த லாரியில் இருந்திருக்கவே வேண்டியதில்லை. தெற்கே, எட்டு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு கல்லூரியின் வகுப்பறையில் இருந்திருக்க வேண்டியவள். அது அட்ரியன் ஒருவருக்குத்தான் தெரியும்.

*

எங்கள் பள்ளியில் அப்போது நூற்று நான்கு பிள்ளைகள். அட்ரியன் லிசோட் அங்கே பூகோளம் நடத்தினார், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நாளுக்கு இரண்டு மணி நேரம் வழிகாட்டி ஆசிரியராகவும் இருந்தார். வழிகாட்டி என்றால் பெரும்பாலும் பட்டாளத்துக்கும், மரவேலைப் பள்ளிக்கும், பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் படிவம் நிரப்பிக் கொடுக்கிற வேலை. வடிகட்டி எடுக்கிற பெரிய கல்லூரிகளுக்கு யாரும் விண்ணப்பித்ததில்லை. கணக்கு ஒரு வகுப்போடு நின்றுவிடும். அதற்கு மேல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. வேதியியலும் இயற்பியலும் ஒரே ஆசிரியர், ஆகவே ஒரு வருடம் அது, மறு வருடம் இது. கொலெட்டின் முறை வந்தபோது வேதியியல் வருடமாகப் போயிற்று. இயற்பியலை அவள் தபாலில் வரவழைத்துப் படித்தாள். எந்திரம் பழுதாகி நிற்கிற நேரங்களில், வயல் ஓரத்தில் கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்து, மண் கையோடு பக்கம் புரட்டுவாள்.

"ஏ புள்ள, அந்தப் புத்தகத்துல எந்திரத்த ரிப்பேர் பண்ண எங்கயாவது எழுதியிருக்கா?" என்பான் ஒனில்.

"எழுதியிருக்கு மாமா. ஓட்டறவனுக்கு மூளை வேணும்னு மொத பக்கத்துலயே போட்டிருக்கு."

பன்னிரண்டு வயதிலிருந்து எந்திரத்தின் மேல் நின்று கல் பொறுக்கியவள். மற்ற பிள்ளைகள் கல்லைப் பொறுக்கி அப்படியே வீசினார்கள், இவள் உற்றுப் பார்த்துவிட்டு வீசினாள். சிலதை வீசாமல் வைத்துக்கொண்டாள். நம் ஊர்க் கல் எது, ஆதிகாலத்தில் வடக்கே இருந்து பனிப்பாறை உருட்டிக்கொண்டு வந்து போட்ட கல் எது என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தானாகவே வந்துவிட்டது. கல்லைப் பற்றிப் படிக்க ஒரு படிப்பு இருக்கிறது என்பது தெரிந்ததும் அவள் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் எழுதி அனுப்ப வேண்டும், அதையும் கல்லைப் பற்றியே எழுதினாள். அதை அட்ரியன் படித்துவிட்டு 'நல்லாருக்கு' என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு வரவில்லை. எங்கள் பக்கம் தன் பிள்ளையைத் தானே புகழ்வது, விருந்துக்குப் போன வீட்டில் கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிடுகிற மாதிரி. அடுத்த வீட்டுக்காரர் புகழ்ந்தாலே 'ஏதோ படிக்கிறா' என்றுதான் பதில் சொல்வோம்.

பள்ளி அனுப்ப வேண்டிய படிவம் தனி. நவம்பர் முதல் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த வருடம் மழையால் அறுவடை தள்ளிப்போய், விடுமுறையை ஒரு வாரம் நீட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் க்ளோவிஸ் டுஃபூர் தன் அண்ணன் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அட்ரியன், கொலெட்டோட படிவத்த நான் போடட்டுமா? நீங்க அப்பனாச்சே."

"நீங்க வயல்ல இருக்கீங்க, வந்து போகணும்னா அர நாளு போயிரும். நான் பாத்துக்கறேன் சார். சொந்தப் பொண்ணுன்னு கூட்டிப் போட்டிர மாட்டேன். பயப்படாதீங்க."

"கூட்டிப் போடுவீங்கன்னு யாருய்யா பயந்தா? கொறச்சுப் போட்டிருவீங்களோன்னுதான் பயம்."

இருவரும் சிரித்தார்கள்.

பள்ளியில், கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனைப் பற்றவைத்திருக்கவில்லை. மேல்கோட்டோடு உட்கார்ந்து எழுதினார். மதிப்பெண், வகுப்பில் எத்தனையாவது, நடத்தை எல்லாம் சுலபமாகப் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி. இந்த மாணவர் எடுத்துப் படித்த பாடங்கள், உங்கள் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட எப்படிப்பட்டவை? கீழே கட்டங்கள். ஆகக் கடினமானவை. மிகவும் கடினமானவை. கடினமானவை. சராசரி.

பேனா முதல் கட்டத்துக்குப் போகவில்லை. அந்தக் கல்லூரி அனுப்பிய பளபளப்பான புத்தகம் மேசைமேல் இருந்தது. அங்கே சேருகிற பிள்ளைகள் பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிற பாடங்கள் என்று அதில் ஒரு பட்டியல். நம்மிடம் அதில் ஒன்றுகூட இல்லை. பாதியில் நிற்கிற கணக்கையும், தபாலில் வந்த இயற்பியலையும் வைத்துக்கொண்டு 'ஆகக் கடினமானவை' என்று குறி போட்டால், படிக்கிறவன் சிரிக்க மாட்டானா? அதுவும் கீழே கையெழுத்து லிசோட், மாணவியும் லிசோட். அவருக்குக் காது மடல் சூடாயிற்று. இரண்டாவதில் போடலாமா என்று பேனாவைக் கொண்டுபோய், அதுவும் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றவே, மூன்றாவதில் போட்டார். நீல மையில், சின்னதாக. மூன்று படிவத்திலும் அப்படியே. நகல் எடுத்து, அவள் கட்டுரையின் நகலோடு சேர்த்து அலமாரியில் வைத்தார். வீட்டுக்கு வரும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது, யாரிடமும் தலைகுனியத் தேவையில்லை என்று.

ஏப்ரலில் பனி உருகி ஆறு கரை புரண்ட வாரம் மூன்று உறைகளும் வந்தன. மூன்றும் மெல்லியவை, இடமில்லை என்ற ஒற்றைத் தாள்.

கொலெட் அழவில்லை. சாப்பிட உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டாள்.

"பக்கத்துக் காலேஜுல சேர்ந்துக்கோடி. பஸ்ஸுலயே போய் வந்துரலாம்" என்றாள் அல்மா.

"அங்க கல்லு கெடையாதும்மா."

"கல்லு இல்லாத ஊரா? உங்க மாமாவக் கேளு, வேண்டியமட்டும் தருவான்."

அதற்குக் கொலெட் சிரித்துவிட்டாள். "ஒரு வருசம் மாமாகிட்ட வேலை பாக்கறேன். அடுத்த தடவ மறுபடி போட்டுப் பாக்கறேன். கட்டுரைதான் சொதப்பிடுச்சு. அங்க எடம் கெடச்சவன் ஊரு ஊரா சுத்தினதப் பத்தி எழுதியிருப்பான். நான் வயக்காட்டுக் கல்லப் பத்தி எழுதியிருக்கேன்."

*

ஜூன் மாதம் பாங்கர் நகரில் வழிகாட்டி ஆசிரியர்களின் வருடாந்தரக் கூட்டம். பகல் சாப்பாட்டு மேசையில் அட்ரியனுக்கு எதிரே, ஏதோ ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிற இளம் பெண் உட்கார்ந்திருந்தாள். சூப்பை ஊதி ஊதிக் குடித்தபடி, பக்கத்திலிருந்தவர்களுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பள்ளிக்கூடம்னா நாங்க ஒதுக்கறதில்ல சார். உங்ககிட்ட எது இல்லையோ அதுக்குப் பிள்ளைய எப்படிக் குத்தம் சொல்றது? இருக்கறதுல ஆகக் கஷ்டமானத எடுத்தாங்களா, அது மட்டுந்தான் கேள்வி. அந்தக் கட்டம் இருக்கே, அது அதுக்குத்தான்."

அட்ரியன் கரண்டியைக் கீழே வைத்தார். "மூணாவதுல போட்டிருந்தா?"

"மூணாவதா?" அவள் யோசித்தாள். "அந்த ஊருலயே இத விடக் கஷ்டமான பாடம் இருந்துது, அந்தப் பிள்ள வேணாம்னு விட்டிருச்சுன்னு நெனைப்போம். மத்ததெல்லாம் எவ்ளோ நல்லாருந்தாலும் அங்கயே நிறுத்திருவோம். வந்து குவியுது சார், ஆயிரக்கணக்குல. ஏன், யாராவது அப்படிப் போட்டாங்களா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

வீட்டுக்கு நாலு மணி நேரப் பாதை. வழியில் இரண்டு இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்றார். அவளிடம் சொல்லிவிடுவது என்று முதல் நிறுத்தத்தில் முடிவு செய்தார். இரண்டாவது நிறுத்தத்தில், இந்த முறை சரியாகப் போட்டு அனுப்பி, 'சேர்த்துக்கொண்டோம்' என்று கடிதம் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மாற்றிக்கொண்டார். அப்போது அதை ஒரு வேடிக்கையாகக்கூடச் சொல்லலாம். உங்க அப்பன் போட்ட கூத்தப் பாருடி என்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொலெட் கேட்டாள். "கூட்டத்துல ஏதாவது உருப்படியா சொன்னாங்களாப்பா?"

"சூப்பு நல்லாருந்துச்சு."

"அட, அத வாங்கிட்டு வந்திருக்கலாமே."

ஆகஸ்டில் ஒரு மாலை, கொல்லைப்புறப் படியில் அல்மா மஞ்சள் பீன்ஸை ஒடித்துச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அட்ரியன் எதிரில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கொலெட் ஒரு நோட்டோடு வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள்.

"கூடைப்பந்து டீமுக்குத் தலைவியா இருந்து நான் கத்துக்கிட்டதுன்னு எழுதப் போறேன்."

"நீ எப்படி தலைவியான?" என்றாள் அல்மா.

"தலைவிக்குக் கால் சுளுக்குனப்ப ரெண்டு ஆட்டம் நான்தானம்மா நின்னேன்."

"ரெண்டுலயும் தோத்தீங்க."

"அதத்தான் கத்துக்கிட்டேன்." நோட்டைப் பிரித்தாள். "வேற என்ன பண்ணச் சொல்ற? அந்தக் கல்லுக் கட்டுரை நாசமாப் போனது. இப்ப எடுத்துப் படிச்சா எனக்கே கூச்சமாருக்கு. ஏதோ பெரிய விஷயம்னு நெனச்சு எழுதியிருக்கேன், லூசு மாதிரி. அதான் மூணு பேரும் வேணாம்னுட்டாங்க. இல்லப்பா?"

அட்ரியன் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"புதுசா எழுது. எழுதறது நல்லதுதான்" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி எழுதி இரண்டு வரி அடித்தாள். இருட்டுகிற வரை மூவரும் அங்கேதான் இருந்தார்கள். சொல்வதற்கு அவருக்கு அவ்வளவு நேரம் இருந்தது.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் வாரம் புதுப் படிவங்களை க்ளோவிஸிடம் கொண்டுபோனார். க்ளோவிஸ் மூச்சு விடுகிற நேரத்தில் முதல் கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டார்.

"இதுல யோசிக்க என்னய்யா இருக்கு? இருக்கறதெல்லாம் படிச்சா. இன்னும் இருந்திருந்தா அதையும் படிச்சிருப்பா. போன வருசமும் இப்படித்தான போட்டீங்க?"

"ஆமா சார்" என்றார் அட்ரியன்.

*

அடக்கத்துக்கு ஆற்றின் அக்கரையிலிருந்தும் சனம் வந்தது. கோயில் கொள்ளாமல் வெளியே தூறலில் நின்றார்கள். கோயில் கீழ்க்கூடத்தில் பெண்கள் கோழிக் குழம்பும் பீன்ஸும் பரிமாறினார்கள். ஒனில் சாப்பிடவில்லை. சுவரோரமாக நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "நான் ஓட்டியிருக்கணும். அந்த லாரிய நான் எடுத்திருக்கணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அட்ரியன் போய் அவன் தோளைப் பிடித்தார்.

"உம்மேல தப்பில்லடா."

"பின்ன யாரு மேல மச்சான்?"

இரண்டு நாள் கழித்து மழை விட்டதும் ஒனில் எந்திரத்தை ஓட்டினான். தரை உறைவதற்குள் கிழங்கு வெளியே வந்தாக வேண்டும். அல்மாவும் பட்டைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்றாள்.

மேசைமேல் இருந்த புதுக் கட்டுரையை அட்ரியன் ஒரு பகலில் எடுத்துப் படித்தார். ஒரு இடத்தில்கூட அவள் இல்லை. யாரோ ஒருத்தி எழுதியது போல் இருந்தது. கறாராகப் பார்க்கச் சொல்லியிருந்தாள். பென்சிலை எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. அல்மா சமையல் மேசையில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அட்ரியன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். படிவம், மூன்றாவது கட்டம், பாங்கரில் அந்தப் பெண் சொன்னது, க்ளோவிஸ் போட்ட குறி. வகுப்பில் பாடம் நடத்துவதைப் போல வரிசையாகச் சொன்னார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு முடியவில்லை.

அல்மா கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுக்கவில்லை.

"தப்பான கட்டத்துல போட்டீங்க."

"ஆமா."

"அது போகட்டும். நானா இருந்தா நாலாவதுல போட்டிருப்பேன். என் அப்பனா இருந்தா அந்தக் காயிதத்தையே அனுப்பியிருக்க மாட்டாரு. நம்ம புத்தி அவ்வளவுதான்." கையைத் துடைத்துக்கொண்டாள். "நான் பீன்ஸ் ஒடிச்சிட்டிருந்தேன். அவ வந்து, அந்தக் கட்டுரை நாசமாப் போனதுன்னா. லூசு மாதிரி எழுதிட்டேன்னா. நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"இல்லப்பான்னு உங்களத்தான கேட்டா?"

"என்னத்தான்."

"உங்களுக்கு அப்பத் தெரியும்."

"தெரியும் அல்மா."

அவள் அவரையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். ஊர் பேர் தெரியாத ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"தான் எழுதினது நல்லாயில்லன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா" என்றாள். பிறகு எழுந்து கோட்டை மாட்டினாள். "அத நான் பாக்கணும். பள்ளிக்கூடத்தத் தொறங்க."

சனிக்கிழமையானதால் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. அட்ரியன் அலமாரியின் இழுப்பறையைத் திறந்து கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். அல்மா படிவத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அடியில் இருந்த கட்டுரையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்க நேரம் பிடிக்கும். வீட்டில் பிரெஞ்சுதான். வரியின் கீழே விரலை நகர்த்தி, உதடு அசைய, நின்றபடியே படித்தாள்.

எங்கள் வயலில் நாங்கள் விதைக்காமல் விளைவது கல் என்று ஆரம்பித்திருந்தாள் கொலெட். குளிர்காலத்தில் தரை உறைந்து விரியும்போது ஒவ்வொரு கல்லும் ஒரு விரற்கடை மேலே ஏறுகிறது, நாங்கள் பொறுக்கப் பொறுக்க அது வந்துகொண்டே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் அல்மாவின் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து அந்த வரிக்கு வந்தது. மறுபடி நின்றது.

"இத வாசிங்க. நான் சரியாத்தான் படிக்கறேனான்னு பாக்கணும்."

அட்ரியன் பக்கத்தில் போய் வாசித்தார். "'எந்திரத்துக்கும் தப்பி, கிழங்கோடு கிழங்காகக் கிட்டங்கி வரை போய்விடுகிற கற்கள் உண்டு. என் அம்மா அவற்றில் அழகானதை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து என் தலையணைமேல் வைப்பாள். இது எதற்கு என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்த முதல் ஆசிரியர் அவள்.'"

அல்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு இது தெரியவே தெரியாதே" என்றாள். "சும்மா, கல்லுன்னா அவளுக்குப் புடிக்கும்னு... நான் கேக்கவுமில்ல. அவ சொல்லவுமில்ல." மூக்கை உறிஞ்சினாள். "இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும்."

"கோப்புல இருக்கறது பள்ளிக்கூடத்துச் சொத்து அல்மா. ஏழு வருசம் வரைக்கும் வெளிய எடுக்கக் கூடாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அல்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்ரியன் இரண்டு தாள்களையும் அவள் கையிலிருந்து வாங்கி, மடிப்பு விழாமல் ஒரு உறையில் போட்டு, அவளிடமே கொடுத்தார்.

அன்றிலிருந்து இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறார்கள். அந்த ஆகஸ்டு மாலையைப் பற்றி அதற்கப்புறம் பேச்சில்லை. அட்ரியன் இன்னும் பல வருடம் வழிகாட்டி ஆசிரியராக இருந்தார். இரண்டாம் பக்கத்துக் கேள்வி வரும்போது பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, அதன் கண்ணெதிரே முதல் கட்டத்தில் குறி போடுவார். ஏன் இப்படி என்று கேட்ட பிள்ளைகளுக்கு, இருக்கிறதையெல்லாம் நீ படித்தாயல்லவா என்பார்.

கொலெட்டின் பழைய படிவத்தை மாற்றி எழுதுங்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று க்ளோவிஸ் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அனுப்பிய படிவத்தின் நகலில் கை வைக்கக் கூடாது என்று அட்ரியன் மறுத்துவிட்டார். அது இன்னும் அந்த இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாவது கட்டத்தில்தான் குறி இருக்கிறது.